மெதுவாகச் சொன்ன ஜோக்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த அதே இடத்தில், கேரவன் கண்ணாடிக்கு முன்னால், டிராக்கம்மா இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். கையில் அதே தாள்கள். வாயில் அதே முதல் வரி. இரண்டாவது வரியைத்தான் காணோம்.

டிராக்கம்மா என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. படத்தின் கதை அழுதுகொண்டே போகும்போது ஜனங்கள் எழுந்து வெளியே போய்விடாமல் இருக்க நடுநடுவே ஒரு சிரிப்புக் கதையைச் செருகுவார்களே, அந்தக் காமெடி டிராக்கைப் பல வருஷம் எழுதியவள். எழுதியது அவள், பேசியது அவளுடைய அண்ணன், திரையில் வந்த பெயரும் அண்ணனுடையதே. அண்ணனுக்குச் 'சிரிப்புச் சிகரம்' என்று ஒரு பட்டம் உண்டு. யார் கொடுத்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "மக்கள்" என்பார். அந்த மக்கள், மேடையில் அறிவிப்பாளர் படிக்க ஏதாவது வேண்டுமே என்று, அடுப்பில் பால் பொங்குவதற்குள் எழுதிக்கொடுத்த தங்கச்சிதான்.

ஒருநாள் வீட்டுக்காரி வேஷத்துக்கு வரவேண்டிய நடிகைக்குக் காய்ச்சல். "எழுதினவங்களுக்கு வசனம் தெரியுமே" என்று யாரோ சொல்ல, டிராக்கம்மா போய் நின்று வாடகை கேட்டாள். தியேட்டர் கைதட்டியது. அப்புறம் நர்ஸ், நீதிபதி, அம்மா, மாமியார், மறுபடியும் அம்மா. எத்தனையோ படத்தில் பிள்ளை பெற்றாள். பாதிப் படத்தில் இடைவேளைக்கு முன்பே செத்தாள். குணச்சித்திர நடிகை என்று பெயர் வந்தது. கதாநாயகியைவிட நன்றாக நடித்துவிட்டு, அவளுடையதைவிடச் சின்ன கேரவனில் உட்காருபவளுக்கு அப்படித்தான் பெயர்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று.

சில மாதங்களாக வசனம் நிற்கவில்லை. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. படித்தால் புரிகிறது. தாளைக் கவிழ்த்தால், கவிழ்த்த கைதான் மிஞ்சுகிறது. முதலில் தூக்கமில்லை என்று நினைத்தாள். அப்புறம் விளக்குச் சூடு என்று நினைத்தாள். இப்போதெல்லாம் எதையும் நினைப்பதில்லை, பயமாக இருக்கிறது.

பின்னால் நின்று யாராவது வரியை எடுத்துக்கொடுத்தால் சமாளித்துவிடலாம். ஆனால் இந்தப் படத்தின் இயக்குநருக்கு அது ஆகாது. பேசும்போதே ஒலிப்பதிவு, பிராம்ப்ட் செய்தால் உண்மை செத்துவிடுமாம். யூனிட்டில் அவரை மேதை என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். விழுந்தாலும் அவர் கோபிக்கமாட்டார். அது பெயர் என்றே நினைப்பார்.

முதல் தடவை அது தானாக நடந்தது. மகன் செத்துக் கிடக்கும் காட்சி. கேமரா ஓடுகிறது, வரி இல்லை. மண்டைக்குள் கரண்ட் போன வீடு மாதிரி இருட்டு. துழாவிய கையில் பழைய வசனம் ஒன்று அகப்பட்டது. குடிகாரன் ஒருவன் விளக்குக் கம்பத்தைக் கண்டக்டர் என்று நினைத்துப் பேசுவது.

"கடைசி பஸ் போயிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் நம்பல. நின்னுட்டே இருந்தேன்."

அண்ணன் அதைப் படபடவென்று சொன்னபோது ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. டிராக்கம்மா பயத்தில் மெதுவாகச் சொன்னாள். லைட் பிடித்தவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். மேதை 'கட்' சொல்ல மறந்துபோய், "மரணத்தை பஸ்னு சொல்லிட்டாங்கய்யா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பேட்டிக்குப் பேட்டி, "அம்மா வசனம் பேசறதில்ல, வாழறாங்க" என்று மேதை சொல்லிவருகிறார். அம்மா வாழ வாழ, எழுதிக்கொடுத்த வசனங்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன.

எழுதியவள் டிராக்கம்மாவின் மகள். அவளுக்கு இது முதல் படம்.

கேரவன் கதவு தட்டப்பட்டது.

"அம்மா, ஷாட் ரெடி." மகள் எட்டிப் பார்த்தாள். தாள்களைப் பார்த்தாள். "படிச்சியா?"

"கரைச்சுக் குடிச்சுட்டேன்."

"குடிச்சது உள்ள போயிடும். வெளிய வரணும்."

"உனக்கு வாய் அதிகம்டி."

"உன் வயித்துலதானே பொறந்தேன்." மகள் சிரிக்கவில்லை. "மாமா வந்துட்டாரு. நட்புக்காக நடிக்கிறாராம். கேட் வரைக்கும் கேக்குது அந்த நட்பு."

டிராக்கம்மாவின் கால் படியில் ஒரு நொடி நின்றது. இன்றைக்கு அண்ணனோடு காட்சி. அவள் துழாவி எடுக்கும் பழைய வசனம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் அந்த வாயிலிருந்து வந்தது. எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும், ஒரே ஒருவர் காதில் அவை பழசாகத்தான் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஒருவர் செட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சிகரம் இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். ஒருவன் குடை பிடிக்க, இன்னொருவன் சிரிக்க. செட்டுக்குள் வெயில் இல்லை. குடை விரிந்தே இருந்தது. அவர் சொல்வதில் ஜோக் இல்லை. சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

"என்ன தங்கச்சி, அழுது அழுது நல்லா சம்பாதிக்கிறியாமே?" என்றார்.

சிரிக்கிறவன் சிரித்தான்.

"நீ சிரிக்க வச்சு சேத்ததைவிடக் கம்மிதாண்ணே."

சிரிக்கிறவன் சிரிக்கலாமா என்று முதலாளியைப் பார்த்தான். வேண்டாம் என்று தெரிந்துகொண்டான்.

காட்சி இதுதான்: சொத்துத் தகராறில் உறவை அறுத்துக்கொண்டு போன அண்ணன், தங்கை நொடித்துப்போன பிறகு திரும்பி வருகிறான். பழைய கூடம், உடைந்த நாற்காலி, ஜன்னல் வெளிச்சம். தங்கை ஒரு பக்கத்துக்குப் பேச வேண்டும். மகள் அதை எத்தனை தடவை கிழித்து எழுதினாள் என்று டிராக்கம்மாவுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில்தான் எழுதினாள்.

கிளாப் அடித்தார்கள்.

"எப்படி இருக்க?" என்றார் அண்ணன். அவருக்குக் கொடுத்திருந்த வசனத்தில் அவர் மனப்பாடம் செய்திருந்தது அவ்வளவுதான். மிச்சத்தை எதிராளி பேசும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய தொழில் முறை.

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து, எப்படி இருக்கேன்னு கேக்கிறியா?" என்றாள் டிராக்கம்மா.

அது மகளுடைய வரி. சுத்தமாக வந்தது. மானிட்டருக்குப் பக்கத்தில் மகளுடைய முகம் மலர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது.

அடுத்தது வரவில்லை.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். எங்கும் எழுதியிருக்கவில்லை. மேலே தொங்கிய மைக் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், இவர் முன்னால் வேண்டாம் என்று அவள் வாயை இறுக்கினாள். வாய் கேட்கவில்லை.

"நீ அளவெடுத்தப்ப இருந்த ஆள் நான் இல்ல இப்ப."

சிகரத்தின் புருவம் ஏறியது. டெய்லர் கடை. கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் வயிற்றில் ஏறாமல் ஒருவன் டெய்லரோடு மல்லுக்கட்டும் டிராக். ஊர் ஊராக, மேடை மேடையாக, இரண்டு வேஷத்தையும் மாற்றி மாற்றி அவர் போட்டது. அந்த வரிக்கு அடுத்த வரியைச் சொல்லிச் சொல்லி அவருடைய நாக்கில் தழும்பே ஏறியிருந்தது. மூளை தடுப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

"துணி அதே துணிதான். ஆளுதான் மாறிப்போச்சு."

"தையலைப் பிரிச்சு விட முடியாதா?"

"பிரிச்சா பழைய தடம் தெரியும்."

"தெரியட்டும்." டிராக்கம்மாவின் குரல் உடைந்தது. நடிப்பால் அல்ல. "உட்கார முடிஞ்சாப் போதும்."

அடுத்து, டிராக்கின்படி, டெய்லர் குனிந்து பேண்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும், அது டர்ரென்று கிழிய வேண்டும். சிகரம் பழக்கதோஷத்தில் பாதி குனிந்துவிட்டார். குனிந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. அப்படியே நின்றார். பார்த்தவர்களுக்கு அது மன்னிப்புக் கேட்க வந்து கேட்க முடியாமல் போன ஒரு மனிதனின் முதுகாகத் தெரிந்தது.

செட்டில் மூக்குறிஞ்சும் சத்தம், ஒன்று, பல. சிரிக்கிறவன் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இருந்த கூட்டத்தில் அவன் ஒருவன்தான் சரியாகக் கேட்டிருந்தான்.

"கட்!" மேதையின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "தையல்! உறவுங்கிறதே தையல்தான்யா! பிரிச்சா தடம் தெரியும்... ஆகா!"

"சார், கதைல யாருமே டெய்லர் இல்லையே சார்," என்றார் ஒரு உதவி இயக்குநர்.

"அதுதான்யா படம்!"

மகள் அழவில்லை. கையில் தாள்களைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால் டிராக்கம்மா சமாளித்திருப்பாள். அது கோபமில்லை. கணக்குப் போடுகிற முகம்.

கேரவனுக்குள் சிகரம் தானே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். குடை வெளியே நின்றது.

"ஏம்மா, டெய்லர் கடை யாரோடது?"

"நான் எழுதினதுண்ணே."

"எழுதினது யாரா வேணா இருக்கலாம். ஜனம் சிரிச்சது எனக்கு." மார்பைத் தட்டிக்கொண்டார். "பேட்டில எல்லாம் படிச்சேன். பஸ்ஸு பஸ்ஸுன்னு புகழறாங்களே, அதுவும் என்னோடதுதான்னு இப்பத்தான் உறைக்குது. எத்தனை எடுத்திருக்க? என் சொத்தை எடுத்து மெதுவாச் சொல்லி அவார்டு வாங்கப் பாக்கறியா?"

டிராக்கம்மாவுக்கு ஒரு நொடி ஆசை வந்தது. அண்ணே, நான் எடுக்கலை, எனக்கு வேற எதுவும் வரமாட்டேங்குது, பயமா இருக்கு என்று சொல்லிவிட. சின்ன வயதில் இருட்டைக் கண்டு பயந்தபோது இந்த அண்ணன்தான் கையைப் பிடித்துக்கொண்டு போனவன்.

ஆனால் அண்ணனிடம் சொன்ன ரகசியம் மாலைப் பேப்பருக்குப் போகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. மாலைப் பேப்பரே அண்ணன்தான். பொழுது சாய்வதற்குள், 'பாவம், தங்கச்சிக்கு' என்று ஆரம்பித்துத் தயாரிப்பாளர் வீடு வரை அழுதுவிட்டு வந்துவிடுவார். மறதிக்காரியை யாரும் அம்மாவாகக்கூடப் போடமாட்டார்கள்.

திருடிக்கு அந்தத் தொல்லை இல்லை.

"ஆமாண்ணே," என்றாள். "எடுத்துட்டேன். திருட்டுதான்."

சிகரத்துக்கு ரொம்பச் சந்தோஷமாகிவிட்டது. சண்டை போட வந்தவர் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒத்துக்கிட்ட பார், அங்கதான் நீ என் தங்கச்சி. இத்தோட விடறேன். ஆனா ஒண்ணு. இனிமே என் வாய்ல வந்த ஒரு வரி உன் வாய்ல வந்துச்சுன்னு வை, நேரா புரொடியூசர்கிட்ட நிப்பேன். அண்ணன் தங்கச்சின்னு பாக்கமாட்டேன்."

"வராதுண்ணே."

அவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஞாபகம் இருப்பது, வாசலில் மகள் நிற்பது.

"மாமா என்னம்மா சொன்னாரு?"

"திருடின்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

மகள் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். "டெய்லர் கடை நீ எழுதினது. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பாத்துக்கிட்டே எழுதுவே. மேஜைக்கு அடியில உக்காந்து நான் கேட்டிருக்கேன். உன் பொருளை நீயே திருடிட்டேன்னு எதுக்கும்மா ஒத்துக்கணும்?"

"உங்க மாமாவுக்கு ஒரு சந்தோஷம். வயசான காலத்துல குடுத்துட்டுப் போறேன்."

"விளையாடாதே." மகள் குரல் தாழ்ந்தது. "என் வசனத்துல என்ன குறை? அதை மட்டும் சொல்லு. தப்பா இருந்தா மாத்தறேன். நீ பேசாம விடறதுக்கு ஏதோ காரணம் இருக்கணும் இல்லே?"

குறை இல்லை. டிராக்கம்மா தன் வாழ்நாளில் இப்படி ஒரு பக்கம் எழுதியதில்லை. நேற்றுப் படித்தபோது தொண்டையை அடைத்தது. என்ன படித்தோம் என்பது போய்விட்டது. அடைத்தது மட்டும் இருக்கிறது.

"வாய்ல நிக்கலடி," என்றாள். பொய்யில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

மகள் அடிபட்டவள் போல் பார்த்தாள். கொஞ்ச நேரம் தாளின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினாள்.

"சரி. இதைக் கேட்டுக்கோ. நாளைக்கு கோர்ட் சீன். மேதை ஒரே டேக்ல எடுக்கப் போறாரு, நடுவுல கட் கிடையாது. சண்டை போட்டு வாங்கியிருக்கேன், ஒரு எழுத்து மாறாம நான் எழுதினதைப் பேசணும்னு. நீ பேசிட்டா வசனம்னு என் பேரு வரும். வழக்கம்போல வாழ்ந்து வச்சேன்னா, வசனம் இயக்கம் ரெண்டும் அவர் பேரு. அதான் பேச்சு."

"அந்த மேதை என்ன எழுதினான்?"

"உங்க அண்ணன் என்னம்மா எழுதினாரு?"

அண்ணன் இத்தனை வருஷம் தனக்குச் செய்ததை, ஆசையே படாமல், கையை நீட்டாமல், தன் மகளுக்குத் தானே செய்துகொண்டிருப்பது டிராக்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனுக்காவது சிரிப்பு மிஞ்சியது.

பழைய வசனம் பேசினால் அண்ணன் புரொடியூசரிடம் போய் நிற்பார். புது வசனம் பேசாவிட்டால் மகள் சினிமாவில் நிற்கமாட்டாள். நாளைக்குக் காலை கேமரா ஓடும்போது எந்தப் பக்கம் துழாவுவது?

"பேசறேன்," என்றாள்.

"சத்தியமா?"

"எழுதினபடியே பேசறேன்டி. போதுமா?"

மகள் அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் நன்றி இருந்தது. டிராக்கம்மாவுக்கு அது விலங்கு மாட்டியது போல் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினார்கள். மகள்தான் கார் ஓட்டினாள். மழை வரப்போவது போல் வானம் கன்றிக் கிடந்தது; கடைகளில் முன்னதாகவே விளக்குப் போட்டிருந்தார்கள். டிராக்கம்மா மடியில் நாளைய காட்சியை வைத்துக்கொண்டு முதல் வரியைப் படித்தாள். கண்ணை மூடினாள். திறந்து மறுபடியும் முதல் வரியைப் படித்தாள்.

மகளுடைய போன் அடித்தது. காரின் ஸ்பீக்கரில் சிகரத்தின் குரல் நிறைந்தது.

"மருமகளே! உங்கம்மா இருக்காளா பக்கத்துல? இருக்கட்டும், கேக்கட்டும். இவ எங்கேயோ இருக்க வேண்டியவடி. நான் கோபமா போனேன். கோபமாத்தான் கிளம்பினேன். கேரவன் படியில இறங்கறேன், பின்னாலயே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, முகத்தை எவ்வளவு சீரியஸா வச்சுக்கிட்டு சொன்னா தெரியுமா? 'அண்ணே, ராத்திரி ஷோவுக்கு அப்பா வந்தா முன்வரிசையில உக்கார வைக்காதே, இருமிக்கிட்டே இருப்பாரு'ன்னா!"

சிரித்தார். சிரிக்கிறவன் பக்கத்தில் இல்லை போலிருக்கிறது. சொந்தச் சிரிப்பு, கரகரவென்று, நிஜமாக.

"எங்கப்பா போய் எத்தனை வருஷம் ஆச்சு! ஆனா அந்த இருமல் இருக்கே, கரெக்டா எங்க பஞ்ச் லைன்ல வருமே, அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கா பாரு! டைமிங் மாறவே இல்லடி. என் கோபமெல்லாம் போயிடுச்சு. சொல்லு அவகிட்ட."

"சொல்றேன் மாமா," என்றாள் மகள். பட்டனை அழுத்தி அணைத்தாள்.

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. மகள் அதை எப்போது போட்டாள் என்று தெரியவில்லை.

டிராக்கம்மா தன் வலது கையைப் பார்த்தாள். அண்ணன் கையைப் பிடித்த கை. கேரவன் படி. அண்ணன் முகம். தேடினாள். கோட்டுப் பொத்தான் வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் சுவர்.

வசனம்தான் போகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"சும்மா சொன்னேண்டி," என்றாள். "அவரைச் சிரிக்க வைக்க."

"ம். அதுக்கு மாமா என்ன பதில் சொன்னாரு?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. கண் ரோட்டின் மேல்தான் இருந்தது. டிராக்கம்மா தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள்.

"நான் எழுதிக்கொடுக்காம உங்க மாமா என்னிக்குடி பதில் சொல்லியிருக்காரு?"

நல்ல ஜோக். எந்த மேடையிலும் எடுபட்டிருக்கும். மகள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் மருந்துக்கடை முனை வந்தது. கார் திரும்பவில்லை. நேராகப் போனது. அடுத்த சிக்னலும் போனது. பழக்கமில்லாத கட்டிடங்கள், உயரமான மதில், வாசலில் ஒரு ஆம்புலன்ஸ், வரிசையாகக் கார்கள்.

"வீடு அந்தப் பக்கம்டி."

"தெரியும்மா."

"அப்ப எங்க போறோம்?"

மகள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். முதல் தடவையாகத் திரும்பி அம்மாவை முழுசாகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும், குழந்தையிடம் பேசுவது போல, மெதுவாக வந்தது.

"இப்பத்தானேம்மா கேட்டே. சொன்னேனே."